காலில் இருப்பது பிறந்த வருஷம் இல்லை

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒருவர் வந்தார். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். டிபன் பாக்ஸைத் திறந்து, உள்ளே கைக்குட்டையில் சுற்றியிருந்ததைப் பிரித்தார். சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு ஜாவா! ஸ்டார் வார்ஸ் படத்தில் முக்காடு போட்டுக்கொண்டு பழைய இயந்திரங்களைப் பொறுக்கித் திரியுமே, அந்தக் குட்டை உருவம். மேலே வினைல் போர்வை. ஆன்லைனில் 48 ஆயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார்.

“காலுக்குப் பின்னால 1977னு போட்டிருக்கு பாருங்க தம்பி. ஒரிஜினல்தானே?”

இந்த வருஷம் இதே கேள்வியோடு என் கடைப் படியேறிய நாலாவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூணும் கதவும் எனாமல் தூக்கும் விற்கிறவனுக்கு இந்தப் பொம்மையில் என்ன வேலை என்று கேட்கலாம். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருந்தவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கி வந்ததுதான். வீடு ஒழிக்கும்போது இரண்டாங்கட்டுப் பெட்டகத்திலிருந்து பித்தளைச் சாமானோடு சேர்ந்து வருகிறது. பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

சரி, அந்த 1977. அது உரிமை வருஷம். இந்த உருவம் எங்களுடையது என்று கம்பெனி குறித்து வைத்தது. அச்சு வெட்டும்போது அதில் பதித்த எழுத்து, அந்த அச்சில் எத்தனை வருஷம் வார்த்தாலும் அப்படியே விழும். இன்னும் விளங்கவில்லையா? படம் வந்தது 1977 மே மாதம். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு, இந்தப் பொம்மைகளைச் செய்த கென்னர் கம்பெனியிடம் விற்கப் பொம்மையே தயாராகவில்லை. வெறும் அட்டை உறைக்குள் ஒரு சீட்டை வைத்து விற்றார்கள். சீட்டை அனுப்பி வைத்தவர்களுக்கு 1978இல்தான் பொம்மை தபாலில் போனது. ஆக, காலில் 1977 என்று இருக்கும் எந்த ஸ்டார் வார்ஸ் பொம்மையும் 1977இல் கடையில் தொங்கியதில்லை. ஹீ-மேன் என்கிற பயில்வான் பொம்மையும் அப்படித்தான். முதுகில் 1981, விற்பனைக்கு வந்தது 1982. அதையே நம் நாட்டில் லியோ கம்பெனி பின்னால் தயாரித்து விற்றது. நம்மூரில் எந்தத் தூணைக் கேட்டாலும் பர்மா தேக்கு என்பார்கள், தட்டிப் பார்த்தால்தான் தெரியும். இந்த எண்ணும் அந்த ரகம்.

வங்கிக்காரரின் பொம்மையில் வேடிக்கை என்னவென்றால், உடம்பு அசல். காலில் இருந்த எழுத்தும் அசல். போர்வைதான் போலி. ஜாவாவை முதலில் வினைல் போர்வையோடு விட்டார்கள், சீக்கிரமே துணிக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் வினைல் போட்டது அரிது, விலையும் ஏறியது. துணி போட்டது சில ஆயிரத்துக்குக் கிடைக்கும். அதை வாங்கி, அதே படத்து ஓபி-வான் கெனோபி பொம்மையின் பெரிய போர்வையை வெட்டிச் சின்னதாக்கிப் போர்த்திவிடுகிறார்கள். கண்ணாடி வைத்துக் கீழ் ஓரத்தைக் காட்டினேன். கத்தரி இரண்டு இடத்தில் தடுமாறியிருந்தது. மனிதர் வெகுநேரம் பேசவில்லை.

பொம்மையை எடுத்ததும் எண்ணைத் தேடாதீர்கள். நிற்க வைத்துப் பாருங்கள். தொடை தொளதொளத்துச் சாய்ந்தால் யாரோ ஒரு பிள்ளை ஆசை தீர விளையாடியிருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். கண், முடி, பெல்ட் இவற்றின் ஓரத்தில் பெயிண்ட் தடிப்பாக, பிரஷ் கோடு தெரிகிற மாதிரி இருந்தால் பின்னால் பூசியது. கையிலுள்ள துப்பாக்கியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். குழந்தைகள் முதலில் தொலைப்பது அதைத்தான், நகல் கொட்டிக் கிடக்கிறது. தண்ணீரில் மிதந்தால் ஒரிஜினல் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. நம்பாதீர்கள், நகலிலும் மிதப்பது உண்டு.

ஜி.ஐ. ஜோ என்கிற சிப்பாய்ப் பொம்மை இடுப்போடு இரண்டாகக் கழன்று வந்தால் பதறவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் மக்கியிருக்கும். மாற்றிக்கொள்ளலாம். கட்டை விரல் முறிந்திருந்தால்தான் கஷ்டம்.

பொம்மையோடு வரும் அட்டை மடங்கி, ஓரம் தேய்ந்து பழசாகத் தெரிகிறதா? ஹாஸ்ப்ரோ கம்பெனி 2019 முதல் கென்னர் பெயரையே போட்டுப் பழைய பாணியில் புதுப் பொம்மை விடுகிறது. அதன் அட்டையில் தேய்மானத்தையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். விரலால் தடவுங்கள், வழவழவென்று இருக்கும். (டீத்தண்ணீர் தெளித்துப் பழசாக்கிய ரவிவர்மா படங்களைப் பார்த்துப் பழகியதால் எனக்கு மூக்கே சொல்லிவிடும்.)

அப்புறம், தயவுசெய்து தேய்க்காதீர்கள். பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் குத்துவிளக்கோடு சேர்த்து ஒரு ரோபோவுக்கும் புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்தார். வெள்ளிப் பூச்சு முழுக்கப் போய்விட்டது. நல்ல மனசில் செய்தது, என்ன சொல்ல? பிசுபிசுத்தால் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். பாச்சை உருண்டை போட்ட பெட்டியில் வைக்காதீர்கள், சில பிளாஸ்டிக் இளகிப் போகும். சித்திரை வெயிலில் கார் டாஷ்போர்டில் வைத்தவரைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

காசு அனுப்புவதற்கு முன்னால் விற்பவரிடம் நாலு படம் கேளுங்கள்: முன், பின், பாதத்தின் அடி, போர்வையைக் கழற்றிய பிறகு ஒன்று. கழற்ற மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். வந்த படத்தை எனக்கு அனுப்பினாலும் சரி, பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை. பார்சலைப் பிரித்த பிறகு கொண்டுவந்தால்தான் எனக்குச் சங்கடம்.