காபி ஜெல்லியின் தயக்கம்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகள் ஆசைப்பட்டாள் என்று ஜப்பானிய காபி ஜெல்லி செய்து பார்த்திருக்கிறார். முதல் தடவை ஜெலட்டின் போட்டார். பிரிட்ஜில் அழகாக உறைந்தது, ஆனால் வெளியே எடுத்து வைத்துச் சாப்பிட உட்காருவதற்குள் கிண்ணத்தில் குழம்பாகிவிட்டது. அடுத்த தடவை கடல்பாசி வாங்கித் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிரிட்ஜில் இருந்த டிகாக்‌ஷனில் ஊற்றினார். ஊற்றிய நொடியிலேயே அது நூல் நூலாகத் திரிந்துவிட்டது. "நான் வாங்கிய கடல்பாசி பழசா, இல்லை என் மேல்தான் தப்பா?" என்று கேட்டிருந்தார்.

கடல்பாசி நல்ல கடல்பாசிதான். இரண்டு தடவையும் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் போதும். வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் அதுவும் ஒன்று என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பண்டத்தைப் பற்றி. காபியை ஜெல்லியாக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே உண்டு. மாட்டுக்கால் வேகவைத்த சாற்றில் உறைய வைப்பார்கள். அங்கே அது மறைந்துவிட்டது, ஜப்பானில் நிலைத்தது. 1963இல் மிக்காடோ காபி நிறுவனம் கருயிசாவா என்ற மலைவாசத்தலத்தில் இதை விற்கத் தொடங்கியபோது 'சாப்பிடும் காபி' என்று சொல்லித்தான் விற்றது. இன்று அந்நாட்டின் பழைய காபிக் கடைகளிலும் தெருமுனைக் கடைகளின் பிளாஸ்டிக் கிண்ணங்களிலும் இது சாதாரணம். கறுப்பாக, கசப்பாக, சதுரம் சதுரமாக வெட்டிய ஜெல்லி. அதன் மேல் இனிப்பான கிரீம். ஜெல்லிக்குள் பால் சேர்ப்பதில்லை. கசப்பும் இனிப்பும் வாயில்தான் சந்திக்க வேண்டும்.

ஜெலட்டினிலும் செய்வார்கள், கான்தெனிலும் செய்வார்கள். கான்தென் வேறொன்றுமில்லை, நம் கடல்பாசிதான். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு நம் ஊர் இஸ்லாமிய வீடுகளில் பாலும் ரோஸ் எசென்ஸும் சேர்த்து உறைய வைக்கிறார்களே, அதே வெள்ளை இழை. சில கடைகளில் சைனா கிராஸ் என்பார்கள், தூளாக வந்தால் அகர் அகர் என்று எழுதியிருக்கும்.

ஜெலட்டின் ஒரு புரதம். விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. குளிரும்போது அதன் சங்கிலிகள் மூன்று மூன்றாக முறுக்கிக்கொண்டு வலை பின்னும். அந்த முறுக்கு பலவீனமானது, 30 முதல் 35 டிகிரிக்குள் பிரிந்துவிடும். நம் உடம்பின் சூடு 37 என்பதால் நாக்கில் வைத்ததும் கரைகிறது, அதுதான் அதன் சுகம். மே மாதத் திருச்சியில் நாக்கு வரை போக வேண்டியதில்லை, மேசையே போதும். வாசகியின் முதல் கேள்வி இத்துடன் முடிந்தது.

இனி அகர். இது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. இதில் உறையும் வேலையைச் செய்யும் பகுதிக்கு அகரோஸ் என்று பெயர். கொதிக்கும் நீரில் இந்தச் சங்கிலிகள் தனித்தனியாக, தாறுமாறாக நெளிந்துகொண்டிருக்கும். ஆற ஆற அவற்றின் நெளிவு அடங்கும். 40 டிகிரிக்குக் கீழே, பாசியின் வகையைப் பொறுத்து 32 முதல் 40க்குள் ஏதோ ஒரு புள்ளியில், சடாரென்று உறைந்துவிடும். நூறு பங்கில் 99 பங்கு தண்ணீர், ஒரு பங்குதான் அகர். அப்படியும் கத்தியால் வெட்டலாம்.

சரி, உறைந்த ஜெல்லியை மறுபடி சூடாக்குவோம். 40 டிகிரியில் உறைந்தது 40 டிகிரியில் உருக வேண்டும் அல்லவா? பனிக்கட்டி அப்படித்தான். பூஜ்யத்தில் உறையும், பூஜ்யத்தில் உருகும். ஆனால் அகர் 45இலும் உருகாது, 60இலும் உருகாது, 80இலும் அசையாது. 85 டிகிரியைத் தாண்டினால்தான் இளகும். போகும்போது ஒரு வழி, வரும்போது வேறு வழி.

வெப்பமானி இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கொதித்த அகர் கரைசலை இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றை 60 டிகிரிக்கு ஆற விடுங்கள். மற்றதை முழுவதும் உறைய வைத்து, பிறகு வெந்நீரில் நிறுத்தி 60 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டிலும் அதே பொருள், அதே அளவு, அதே சூடு. ஒன்று தண்ணீராக ஓடும், இன்னொன்றைக் கவிழ்த்தாலும் விழாது. நான் இதை எத்தனையோ முறை செய்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் கவிழ்க்கும்போது மனசு துள்ளுகிறது. 60 டிகிரியில் அகர் நீர்மமா, திண்மமா என்று கேட்டால் பதில் கிடையாது. சூட்டிலிருந்து இறங்கி வந்ததா, குளிரிலிருந்து ஏறி வந்ததா என்று கேட்க வேண்டும். அந்தப் பொருளுக்குத் தன் பழங்கதை நினைவிருக்கிறது.

மேல்நிலை இயற்பியல் பாடத்தில் காந்தத் தயக்கம் என்று படித்திருப்பீர்கள். இரும்பில் ஏற்றிய காந்தம், மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் முழுக்கப் போகாமல் கொஞ்சம் தங்கிவிடும். அகரில் நடப்பது வெப்பத் தயக்கம். அந்தச் சொல்லைத் தமிழில் தேர்ந்தெடுத்தவருக்கு ஒரு வணக்கம். அகர் உண்மையிலேயே தயங்குகிறது. உறையவும் தயங்குகிறது, உருகவும் தயங்குகிறது.

ஏன் தயங்குகிறது? கயிறு திரிப்பதைப் பார்த்திருந்தால் எளிதில் விளங்கும். தேங்காய் நாரை முறுக்கிப் புரியாக்குவார்கள். இரண்டு மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கினால் கயிறு. தனிப் புரியை விரலால் தளர்த்திவிடலாம். கயிறான பிறகு அதற்குள் இருக்கும் ஒரு புரியை மட்டும் தளர்த்த முடியாது, சுற்றியுள்ளவை அதை இறுக்கிப் பிடித்திருக்கும். அகரோஸ் சங்கிலிகளும் ஏறக்குறைய இதைத்தான் செய்கின்றன. ஆறும்போது முதலில் இரண்டு இரண்டாகச் சேர்ந்து முறுக்கிக்கொள்கின்றன. இந்தத் தொடக்கம்தான் கடினம். சூடாக இருக்கும்வரை நெளிவு அதிகம், இரண்டு சங்கிலிகள் சரியாகப் பொருந்தி நிற்க வாய்ப்பு குறைவு. அதனால்தான் 40 டிகிரி வரை காத்திருக்கிறது. முறுக்கிய பிறகு, அந்தச் சுருள்கள் பக்கம் பக்கமாக ஒட்டிக் கற்றை கற்றையாகிவிடுகின்றன. ஒவ்வொரு சுருளையும் பக்கத்துச் சுருள் தாங்குகிறது. தாங்குவது ஹைட்ரஜன் பிணைப்புகள். தனியாகப் பார்த்தால் சொற்ப பலம்தான். வரிசையாக ஏராளம் சேரும்போது ஒன்று விட்டாலும் மற்றவை விடுவதில்லை. உருக்க வேண்டுமென்றால் கற்றையையே குலைக்க வேண்டும். அதற்குத்தான் 85 டிகிரி. ஜெலட்டினில் இப்படிப் பெரிய கற்றைகள் உருவாவதில்லை, அதனால் அதன் தயக்கமும் சிறியது.

இப்போது வாசகியின் இரண்டாவது கிண்ணத்துக்கு வரலாம். 100 மில்லி கரைசல் 95 டிகிரியில், 300 மில்லி டிகாக்‌ஷன் பிரிட்ஜிலிருந்து வந்த 8 டிகிரியில். கலந்தால் என்ன சூடு வரும்? பள்ளிக் கணக்குதான்: ஏறக்குறைய 30. அது உறையும் புள்ளிக்குக் கீழே. குளிர்ந்த காபியைத் தொட்ட இடத்திலேயே, கலந்து முடிவதற்கு முன்பே, அகர் உறைந்து நூலாகிவிட்டது. காபி அறைச்சூட்டில் இருந்திருந்தால் கலவை 46 டிகிரிக்கு வரும். கணக்குப்படி தப்பித்தாலும் ஊற்றும் ஓரத்தில் நூல் விழ வாய்ப்புண்டு. அதே டிகாக்‌ஷனை 60 டிகிரிக்குச் சூடாக்கியிருந்தால்? 69 டிகிரி. உறைய இன்னும் வெகுதூரம் இருக்கிறது, நிதானமாகக் கலக்கலாம்.

காபியிலேயே அகரைப் போட்டுக் கொதிக்க வைத்தால் என்ன என்று கேட்கலாம். உறையும், ஆனால் காபியின் மணம் ஆவியோடு போய்விடும். தயக்கம் நமக்கு உதவுவது இந்த இடத்தில்தான். கொதிக்க வேண்டியது அகர் மட்டும். அது கொதித்த பிறகு 40 டிகிரி வரை நீர்மமாகவே இருக்கும் என்பதால், கொதிக்காத காபியை அதோடு சேர்க்க நமக்கு ஒரு பெரிய இடைவெளி கிடைக்கிறது. உருகும் இடத்திலேயே உறையும் பொருளாக இருந்தால் இது நடக்காது.

ஆக, செய்முறை: மூன்று கிராம் அகர் தூள், 100 மில்லி தண்ணீர். பச்சைத் தண்ணீரில் தூவிக் கலக்கிவிட்டு அடுப்பில் ஏற்றி, இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். வெந்நீரில் தூளைப் போட்டால் கட்டி தட்டும். இழையாக இருந்தால் அரை மணி நேரம் ஊற வைத்துக் கிள்ளிப் போடுங்கள், தண்ணீரும் நேரமும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். முழுவதும் கரைந்த பிறகுதான் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி. முன்னாலேயே போட்டால் தண்ணீருக்குப் போட்டி வந்து அகர் சரியாகக் கரையாது. அப்புறம் 300 மில்லி சூடான காபியை ஊற்றிக் கலக்கி, தட்டில் ஊற்றி ஆறவிடுங்கள். காபி வழக்கத்தைவிடக் கடுமையாக இருக்கட்டும். அகர் நாக்கில் கரையாது, பல்லால் கடித்தால்தான் சுவையை விடும்.

பிரீசரில் மட்டும் வைக்காதீர்கள். பனிப்படிகங்கள் வலையைக் கிழித்துவிடும். வெளியே எடுத்தால் தண்ணீர் தனி, பஞ்சு தனி. ஆனால் கான்தென் பிறந்ததே இந்த விபத்தில்தான் என்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் கியோத்தோ அருகே ஃபுஷிமியில் மினோ தரோசாஏமோன் என்ற விடுதிக்காரர், மிச்சமான தோகோரோதென் என்ற பாசி ஜெல்லியைக் குளிர்காலத்தில் வெளியே போட்டார்; இரவில் உறைந்து பகலில் உருகிச் சில நாளில் உலர்ந்த வெள்ளைச் சக்கையாகியிருந்தது என்பது கதை. கான்தென் என்றால் குளிர்ந்த வானம் என்று பொருள். உருகி வடியும் தண்ணீரோடு பாசியின் நிறமும் வாடையும் போய்விடுகின்றன. நாகானோ மாகாணத்தின் சினோ பகுதியில் இன்றும் குளிர்கால வயல்களில் இப்படியே காய வைக்கிறார்கள்.

இந்தத் தயக்கம் சமையலறையோடு நின்றிருந்தால் மருத்துவம் இன்று வேறு மாதிரி இருந்திருக்கும். 1881இல் ஜெர்மனியின் நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோஹின் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாக்களை ஜெலட்டினில் வளர்த்தார்கள். நோய்க்கிருமிக்கு 37 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் ஜெலட்டின் உருகிவிடும். போதாதற்குச் சில பாக்டீரியாக்கள் அதைத் தின்றே கரைத்துவிடும். அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, கணவரின் ஆய்வுகளுக்குப் படம் வரைந்து உதவியவர், அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். வீட்டில் ஜெல்லி செய்ய அவர் பயன்படுத்தியது அது. ஜாவாவில் வாழ்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து கற்றது. 50 டிகிரிக்கு ஆறிய பிறகும் ஊற்றலாம், உறைந்த பின் 37 டிகிரியில் எத்தனை நாள் வைத்தாலும் இளகாது, பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைத் தின்னவும் முடியாது. 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோஹ் எழுதியபோது அகரைப் பற்றி ஒரு வரி இருந்தது, ஃபேனியின் பெயர் இல்லை. ஒவ்வொரு நுண்ணுயிரியல் பாடப்புத்தகத்திலும் அந்தப் பெயர் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அகர் எடுக்கும் பாசிகள் மன்னார் வளைகுடாவில் விளைகின்றன. பாம்பன், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் மூச்சை அடக்கி மூழ்கி, விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். அது மெதுவாக வளரும் பாசி. மண்டபத்தில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனாலும் பணமும் பேச்சும் வேகமாக வளரும் வெளிநாட்டுக் கப்பாபைக்கஸ் பாசிப் பக்கமே சாய்கின்றன. அது குருசடைத் தீவருகே பவளப்பாறைகள் மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் கடலின் பாசியை வளர்க்கக் கற்றுக்கொள்ள நீண்ட கால நிதி தர வேண்டும், மூன்று வருடத் திட்டத்தில் முடியும் வேலை இல்லை அது.

இன்னொன்று, கடல்பாசி உடல் சூட்டைத் தணிக்கும், எடையைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி வாங்காதீர்கள். அது நமக்குச் செரிக்காத நார், வயிறு நிறைந்த உணர்வைத் தரும், அவ்வளவுதான். 2005இல் ஜப்பானிலேயே தொலைக்காட்சியைப் பார்த்து மக்கள் அள்ளிக்கொண்டு போய்க் கடைகளில் கான்தென் தட்டுப்பாடு வந்தது. அந்த ஆர்வத்தில் பாதி அதன் வேதியியல் மேல் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

திருச்சி வாசகிக்கு: அந்த நூல் நூலான காபியைக் கொட்டியிருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை அப்படி ஆனால் அப்படியே அடுப்பில் வைத்துக் கொதி வரும்வரை சூடாக்குங்கள். 85 டிகிரியைத் தாண்டியதும் நூல்கள் எல்லாம் கரைந்துவிடும். மணம் கொஞ்சம் குறையும். ஆறியதும் உறைவதில் குறை இருக்காது.