தண்ணீரில் ஓடிய நூற்பாலைகள்

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் ஹார்வி மில் 1880களில் தாமிரபரணித் தண்ணீரின் விசையில்தான் ஓடியது என்று தாத்தா சொல்வார். அவ்வளவு பெரிய ஆலையைத் தண்ணீர் எப்படி ஓட்டியிருக்கும்?"

தாத்தா சொன்னது சரிதான். இந்த முறை வளர்ந்த இடம் இங்கிலாந்து. 1771இல் டெர்பிஷயரின் குரோம்ஃபோர்டு கிராமத்தில் ரிச்சர்ட் ஆர்க்ரைட் தன் நீர்விசை நூற்பாலையைத் தொடங்கினார். ஓடை நீரோடு, பக்கத்து ஈயச் சுரங்கத்திலிருந்து வடிந்த நீரும் அவருக்குக் கிடைத்தது. சுரங்க நீர் வெதுவெதுப்பாக இருக்கும், கடுங்குளிரிலும் உறையாது. ஆலை இரவு பகலாக ஓட அது பெரிய வசதி.

உயரத்திலிருந்து இறங்கும் நீருக்கு ஆற்றல் உண்டு என்பது பள்ளிப் பாடம். அதை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் சண்டை. நீர்ச்சக்கரத்தின் அடியில் நீரை வேகமாக மோதவிடுவதே மேல் என்று பிரெஞ்சுப் பொறியாளர் பெலிடோர் எழுதினார். இங்கிலாந்தில் டெசாகுலியர் நேர்மாறாகச் சொன்னார். ஜான் ஸ்மீட்டன் சின்ன மாதிரிச் சக்கரம் ஒன்றைச் செய்து, ஓட்டி, அளந்து பார்த்தார். அதே நீர், அதே உயரம் என்றால், விளிம்பு வாளிகளில் மேலிருந்து நீர் நிரம்பி, அதன் எடையால் சுற்றும் சக்கரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று 1759இல் லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு எழுதினார். மோதும் நீர் சிதறியே பாதி ஆற்றலை வீணாக்கிவிடுகிறது. மேஜை மேல் வைக்கக்கூடிய ஒரு கருவி இரண்டு பெரிய அறிஞர்களின் வழக்கைத் தீர்த்துவிட்டது. நம் கல்லூரிகளில் கோடி ரூபாய்க் கருவிக்குக் கிடைக்கும் மரியாதை இந்த மாதிரிச் சிறிய ஆய்வுகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செஷயரில் பொலின் ஆற்றங்கரையில் குவாரி பேங்க் ஆலை இருக்கிறது. 1818 வாக்கில் அங்கே 32 அடி விட்டமும் 21 அடி அகலமும் உள்ள இரும்புச் சக்கரம் ஒன்றை வைத்தார்கள். திறன் சுமார் 100 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 5 சுற்று என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: முறுக்கு விசை சுமார் 1,40,000 நியூட்டன் மீட்டர் வரும். பழைய முறையில் நடு அச்சிலிருந்துதான் விசையை எடுப்பார்கள். விளிம்பில் விழும் நீரின் விசை ஆரக்கால் வழியாக நடுவுக்கு வந்து, அச்சை முறுக்கி, அங்கிருந்து பல்சக்கரத்துக்குப் போகும். அத்தனை முறுக்கையும் தாங்க அச்சும் ஆரக்கால்களும் பிரம்மாண்டமாக இருக்க வேண்டும்.

தாமஸ் ஹியூஸ் போன்ற பொறியாளர்கள் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். சக்கரத்தின் விளிம்பிலேயே பற்களை அமைத்து, நீர் நிரம்பிய வாளிகள் இறங்கும் அதே பக்கத்தில் ஒரு சின்னப் பல்சக்கரத்தைப் பொருத்தினார்கள். முறுக்கு என்பது விசையையும் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. ஆரம் 16 அடியாக இருக்கும் விளிம்பில் அதே வேலைக்கு சுமார் 3 டன் எடை அளவுக்கு விசை இருந்தால் போதும். அந்த விசையும் வாளியிலிருந்து நேராகப் பல்லுக்குப் போய்விடுகிறது, நடுவுக்கு வருவதே இல்லை. அச்சுக்கு மிஞ்சியது சக்கரத்தைத் தாங்கும் வேலை மட்டும். ஆரக்கால்கள் சைக்கிள் கம்பிகள் மாதிரி இழுவையில் நிற்கும் மெல்லிய இரும்புக் கம்பிகளாகிவிட்டன. இதில் இன்னொரு லாபமும் உண்டு. மாபெரும் வளையம் சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றுவதால், மெதுவாகச் சுழலும் சக்கரத்திலிருந்து ஆலைக்கு வேண்டிய வேகத்தில் பெரும்பகுதி முதல் படியிலேயே கிடைக்கிறது.

அங்கிருந்து நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு மாடி மாடியாக ஏறும். ஒவ்வொரு மாடியிலும் கூரையை ஒட்டிக் கிடைத் தண்டுகள், அவற்றிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து நூல் நூற்கும் கதிர்கள். கிடைத் தண்டு நீள நீள உராய்விலும் முறுக்கத்திலும் விசை வீணாகும். அதனால் இயந்திரங்களை ஒரே தளத்தில் பரப்பாமல் ஐந்து, ஆறு மாடிகளாக அடுக்கினார்கள். உள்ளே பகல் வெளிச்சம் எட்ட வேண்டுமே, அதற்காக அகலத்தை 30 அடி அளவில் நிறுத்தி இரு பக்கமும் வரிசையாக ஜன்னல் வைத்தார்கள். பழைய ஆலைகள் ஒல்லியாக, உயரமாக, ஜன்னல் மயமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பஞ்சுத் தூசி, எண்ணெய் ஊறிய மரத்தளம், விளக்கு: தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? டெர்பிஷயரில் பெல்பர் ஊரின் வடக்கு ஆலை 1803இல் எரிந்தது. ஷ்ரூஸ்பரியில் 1797இல் சார்லஸ் பேஜ் இரும்புச் சட்டக ஆலையைக் கட்டிக் காட்டியிருந்தார். பெல்பர் ஆலையை நடத்திய குடும்பத்தின் வில்லியம் ஸ்ட்ரட் அவ்வழியில் வார்ப்பிரும்புத் தூண்களும் உத்தரங்களும் நிறுத்தி, இடையில் செங்கல் வளைவுகள் கட்டி, 1804இல் ஆலையை மீண்டும் எழுப்பினார். அது இன்றும் நிற்கிறது.

இந்தக் கட்டடங்களை வியக்கும்போது உள்ளே வேலை செய்தவர்களையும் சொல்லியாக வேண்டும். அவர்களில் ஏராளமானோர் குழந்தைகள். குவாரி பேங்கில் அவர்களைத் தங்கவைக்க 1790இல் தனி விடுதியே கட்டினார்கள்.

1904இல் அங்கே பெரிய சக்கரத்தின் இடத்தை டர்பைன்கள் பிடித்தன. இப்போது அங்கே பார்வைக்கு இருக்கும் இரும்புச் சக்கரம் யார்க்ஷயரின் கிளாஸ்ஹவுஸஸ் ஆலையிலிருந்து கொண்டுவந்தது. போகிறவர்கள் அச்சை மட்டும் பார்த்துவிட்டு வராமல், விளிம்பில் இருக்கும் பற்களையும் தேடிப் பாருங்கள்.