அமெரிக்கத் தேசியக் காடுகளில் கட்டணமின்றி டென்ட் போட்டுத் தங்குவது எப்படி? விதிகள் என்ன?

அமெரிக்காவின் தேசியக் காடுகளில், கேம்ப்கிரவுண்ட் எனப்படும் வசதி செய்த முகாமிடங்களுக்கு வெளியே, முன்பதிவு எதுவும் செய்யாமல், ஒரு டாலர்கூடக் கட்டாமல் டென்ட் போட்டு இரவு தங்கலாம். டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்று இதைச் சொல்வார்கள். கழிவறை இருக்காது, குழாய்த் தண்ணீர் இருக்காது, மேசை, குப்பைத்தொட்டி, மின்சாரம் எதுவும் இருக்காது. காடும் நீங்களும் கொண்டுபோன பொருட்களும்தான்.

காட்டுக்குள் நுழையவே சோதனைச்சாவடியில் அனுமதி கேட்டு நின்று பழகிய நமக்கு இது நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். கிராண்ட் கேன்யன் போகும் தமிழ்க் குடும்பங்கள் பல, தெற்கு விளிம்பில் அறை கிடைக்காமல் நூறு மைல் தள்ளி விடுதி எடுத்து, விடியற்காலையில் அடித்துப் பிடித்து ஓடுகின்றன. பூங்கா வாசலில் இருக்கும் டுசாயன் ஊரைச் சுற்றி கைபாப் தேசியக் காடு விரிந்து கிடக்கிறது. அங்கே சட்டப்படி இலவசமாகத் தங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எந்த நிலத்தில் முடியும், எதில் முடியாது

இங்கேதான் பெரிய குழப்பம். யோசெமிட்டி, யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் போன்றவை தேசியப் பூங்காக்கள். உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. அங்கே நினைத்த இடத்தில் டென்ட் போட முடியாது. கேம்ப்கிரவுண்டில் இடம் பிடிக்க வேண்டும். உட்காட்டில் தங்க வேண்டுமென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். சாலை ஓரம் காரை நிறுத்தி அதில் தூங்குவதும் கூடாது.

தேசியக் காடுகள் வேறு. அவை வேளாண்மைத் துறையின் கீழ் இயங்கும் வனச் சேவையின் பொறுப்பில் இருக்கின்றன. மொத்தம் 154 காடுகள். புல்வெளிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர், தமிழ்நாட்டின் பரப்பைப் போல ஆறு மடங்கு. மரம் வெட்டுவது, மாடு மேய்ப்பது, நீர் பிடிப்பு, வேட்டை, பொழுதுபோக்கு என்று பல பயன்பாடுகளுக்கும் உரிய நிலம் இது என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வகுத்திருக்கிறது. காட்டில் தங்குவது அந்தப் பயன்பாடுகளில் ஒன்று. மேற்கு மாநிலங்களில் பி.எல்.எம். எனப்படும் நில மேலாண்மைப் பணியகத்தின் நிலங்களிலும் ஏறக்குறைய இதே முறைதான்.

இலவசம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது

யாரும் கவனிக்காததால் இலவசமாகக் கிடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. 2004-இல் நிறைவேறிய கூட்டாட்சி நிலப் பொழுதுபோக்குக் கட்டணச் சட்டம், எதற்குக் கட்டணம் வாங்கலாம், எதற்கு வாங்கக்கூடாது என்று பிரித்துச் சொல்கிறது. முகாம் இடத்துக்குக் கட்டணம் வாங்க வேண்டுமென்றால் அங்கே டென்ட் அல்லது டிரெய்லர் இடம், மேசை, குடிநீர், அணுகு சாலை, கட்டணம் வசூலிக்க ஆள், ஓரளவு பாதுகாப்பு, குப்பைத்தொட்டி, கழிவறை, நெருப்பு வளையம் ஆகிய ஒன்பதில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். அப்படி வசதி இல்லாத இடத்தில் தங்குவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று அதே சட்டம் தெளிவாகத் தடுக்கிறது.

அரிசோனாவில் டூசான் அருகே, கொரோனாடோ தேசியக் காட்டிலுள்ள மவுன்ட் லெமன் மலையில், வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா நடக்கப் போனவர்களிடமும் வசதியற்ற இடங்களில் தங்கப் போனவர்களிடமும் வனச் சேவை கட்டணம் கேட்டது. சிலர் வழக்குப் போட்டார்கள். 2012-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், வசதிகளைப் பயன்படுத்தாதவர்களிடம் அப்படி வசூலிக்கச் சட்டம் இடம் தரவில்லை என்று தீர்ப்பளித்தது. சில டாலர் கட்டணத்துக்காக நீதிமன்றம் வரை போன அந்தச் சாதாரண மனிதர்களை நான் மிகவும் மதிக்கிறேன். பொது நிலம் பொதுநிலமாகவே இருப்பது இப்படிப்பட்டவர்களால்தான்.

குடிமக்களுக்கு மட்டும் என்ற வரம்பும் இதில் இல்லை. மாணவர் விசாவில் இருப்பவரும், பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பா அம்மாவும் தங்கலாம். பூங்காக்களுக்கு வாங்கும் ஆண்டுப் பாஸ் இருந்தால்தான் காட்டில் தங்க முடியும் என்று சொல்பவர்களும் உண்டு. அந்தப் பாஸ் நுழைவுக் கட்டணம் உள்ள இடங்களுக்கானது. வசதியற்ற காட்டு இடத்தில் தங்க அது தேவையில்லை.

வரைபடத்தைப் பார்க்காமல் போகாதீர்கள்

காடு முழுவதும் திறந்திருக்கிறது என்பதால் காரை எங்கு வேண்டுமானாலும் ஓட்டிப் போகலாம் என்று பொருளில்லை. 2005-இல் வந்த பயண மேலாண்மை விதிப்படி ஒவ்வொரு காடும் எந்தச் சாலையில் எந்த வண்டி, எந்த மாதங்களில் ஓடலாம் என்று ஒரு வரைபடம் வெளியிடுகிறது. எம்.வி.யூ.எம். (மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம்) என்று கேட்டால் ரேஞ்சர் அலுவலகத்தில் காகிதத்தில் இலவசமாகத் தருவார்கள். போனில் பதிவிறக்கியும் வைத்துக்கொள்ளலாம். பார்க்க அழகாக இருக்காது. மலையோ ஓடையோ தெளிவாகத் தெரியாது, எண் போட்ட கோடுகள்தான் தெரியும். ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது அதுதான். கூகுள் மேப் காட்டும் சாலை மூடப்பட்டதாக இருக்கலாம், யாரோ ஒருவரின் தனியார் நிலத்துக்குள் போவதாகவும் இருக்கலாம்.

அந்த வரைபடத்தில் சில சாலைக்கோடுகளை ஒட்டிப் புள்ளிகள் இருக்கும். டென்ட் போடுவதற்காகச் சாலையை விட்டுக் குறிப்பிட்ட தூரம் வரை வண்டியை உள்ளே கொண்டுபோகலாம் என்பதற்கான குறி அது. அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரைச் சுற்றியுள்ள கோகோனினோ காட்டில் இந்தத் தூரம் 300 அடி. புள்ளி இல்லாத சாலையில் ஓரமாக நிறுத்தி, டென்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து போய் வேண்டிய இடத்தில் போடலாம். ஏற்கெனவே பலர் தங்கி மண் இறுகிப்போன இடத்தையே தேர்ந்தெடுங்கள். புதிதாகப் புல்லை மிதித்து, செடியை வெட்டி இடம் உண்டாக்க வேண்டாம்.

எல்லாக் காட்டுக்கும் ஒரே விதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரேஞ்சர் வட்டத்துக்கு வட்டம் மாறும். ஹூஸ்டனுக்கு வடக்கே இருக்கும் சாம் ஹூஸ்டன் காட்டில் மற்ற நாட்களில் பரவலாகத் தங்கலாம். மான் வேட்டைக் காலத்தில் குறித்த முகாம்களில் மட்டும்தான். அந்த மாதங்களில் ஆரஞ்சு நிற மேலாடை போட்டுக்கொள்வது உயிருக்கு நல்லது. அரிசோனாவில் விலங்குகளும் மாடுகளும் தண்ணீர் குடிக்கும் இடத்திலிருந்து கால் மைலுக்குள் தங்கி அவற்றின் வழியை மறிப்பது மாநிலச் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் டெசலேஷன் போன்ற வனாந்தரப் பகுதிகளில் இரவு தங்கத் தனி அனுமதி வேண்டும். ஆகவே கிளம்பும் முன் அந்த வட்டத்து ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். எந்தச் சாலை சேறாகிக் கிடக்கிறது, எங்கே மரம் விழுந்திருக்கிறது என்பதுவரை அவர்களுக்குத் தெரியும்.

எத்தனை நாள்

பெரும்பாலான காடுகளில் 14 நாள். கோகோனினோவில் எந்த 30 நாளிலும் 14 நாள் வரை. பி.எல்.எம். நிலத்தில் பொதுவாக 28 நாளில் 14 நாள். கூட்டம் நெரியும் இடங்களில் இன்னும் குறைவு. வயோமிங்கில் ஜாக்சன் ஊரை ஒட்டிய பிரிட்ஜர்-டீட்டன் காட்டில் கோடையில் சில இடங்களில் 5 நாள்தான். நாட்கள் முடிந்ததும் பக்கத்து மரத்தடிக்கு டென்டை நகர்த்திவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்க முடியாது. வீடாக்கிக்கொண்டு வசிப்பதற்குத் தடை இருக்கிறது. பொருட்களை விட்டுவிட்டுப் போவதும் குற்றம்.

அரிசோனாவின் செடோனா ஊருக்கு மேற்கே சில ஆண்டுகளுக்கு முன்புவரை விருப்பம்போல் தங்கலாம். குப்பையும் மலமும் டயர் தடமும் பெருகியதால் இன்று குறித்த இடங்களில் மட்டும்தான் அனுமதி. விதி மீறியவர் போய்விட்டார். இழப்பு அடுத்து வருபவர்களுக்கு.

நெருப்பு

இதை நிதானமாகப் படியுங்கள். மற்ற எந்த விதியை மீறினாலும் அபராதத்தோடு போய்விடலாம். நெருப்பு அப்படியல்ல.

2010 ஜூனில் ஃபிளாக்ஸ்டாஃப் அருகே யாரோ அணைக்காமல் விட்டுப்போன முகாம் நெருப்பு சுமார் 15,000 ஏக்கர் காட்டை எரித்தது. ஷுல்ட்ஸ் தீ என்று பெயர். மரமும் வேரும் இல்லாத சரிவில் அடுத்த மாதமே மழை கொட்டியது. மண்ணால் நீரைப் பிடித்துவைக்க முடியவில்லை. கீழே இருந்த குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்து 12 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். மறு ஆண்டு அதே மாநிலத்தில் இரண்டு பேர் முகாம் நெருப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து நடைப்பயணம் போனார்கள். அதிலிருந்து கிளம்பிய வாலோ தீ 5,38,000 ஏக்கரைத் தின்றது. அரிசோனா வரலாற்றில் அதுவே மிகப் பெரியது. இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 37 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கட்ட நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்கள் கொடியவர்கள் அல்லர். நம்மைப் போல விடுமுறைக்கு வந்தவர்கள்.

கோடையில் காடு காய்ந்ததும் தீக் கட்டுப்பாடுகள் படிப்படியாக வரும். முதல் நிலையில் கேம்ப்கிரவுண்டின் இரும்பு வளையத்தில் மட்டும் நெருப்பு மூட்டலாம். அதாவது வெளியே தங்கும் நமக்குத் தடை. இரண்டாம் நிலையில் அங்கேயும் விறகு நெருப்பு கூடாது. பெரும்பாலும் திருகி அணைக்கக்கூடிய கேஸ் அடுப்புக்கு இடம் தருவார்கள், உத்தரவைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நிலைமை மோசமானால் காட்டையே மூடிவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் இன்னொன்றும் உண்டு: கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே நெருப்பு மூட்டவோ, கேஸ் அடுப்பு பற்றவைக்கவோகூட முகாம் நெருப்பு அனுமதிச் சீட்டு வேண்டும். இலவசம்தான், இணையத்தில் சின்னத் தேர்வு எழுதினால் உடனே கிடைக்கும், அந்த ஆண்டு முடியும்வரை செல்லும்.

அணைப்பது இப்படித்தான்: நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள், கரண்டியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய், பிறகு தொட்டும் பாருங்கள். சூடு தெரிந்தால் அணையவில்லை. மண்ணைப் போட்டு மூடினால் கங்கு உள்ளே உயிரோடு இருக்கும். முழுமையாக அணைக்காமல் நெருப்பை விட்டுப்போவதே தனிக் குற்றம். வனச் சேவை விதி மீறல்களுக்கு 5,000 டாலர் வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம். என் கருத்தைக் கேட்டால், முதல் முறை போகிறவர்கள் விறகையே மறந்துவிட்டு கேஸ் அடுப்போடு போவது நல்லது. கட்டாயம் விறகு வேண்டுமென்றால் அங்கேயே செத்து விழுந்து கிடப்பதை எடுங்கள். நின்ற மரத்தில் கை வைக்கக் கூடாது. வீட்டிலிருந்து விறகு கொண்டுபோனால் மரத்தைக் கொல்லும் பூச்சிகளும் கூடவே போகும்.

கழிவு, தண்ணீர், கரடி

மலம் கழிக்க, தண்ணீர், பாதை, டென்ட் மூன்றிலிருந்தும் 200 அடி தள்ளி, 6 முதல் 8 அங்குல ஆழத்தில் குழி தோண்டி, முடிந்ததும் மூடுங்கள். சின்னக் கைமண்வெட்டி போதும். கழுவத் தண்ணீர் பயன்படுத்துபவர்கள் பாட்டிலில் கொண்டுபோய் அந்தக் குழியிலேயே விடலாம். ஓடையில் இறங்கிக் கழுவக் கூடாது. காகிதம், டயபர், நாப்கின் எல்லாவற்றையும் பையில் கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள்.

பாத்திரத்தையும் ஓடையில் கழுவாதீர்கள், மக்கும் சோப்பாக இருந்தாலும். கஞ்சித் தண்ணீரை வடிகட்டி, பருக்கையைக் குப்பைப் பையில் போட்டு, நீரை ஓடையிலிருந்து 200 அடி தள்ளித் தெளித்துவிடுங்கள். ஓடைத் தண்ணீர் பளிங்குபோல் இருந்தாலும் கிருமி இருக்கும். கொதிக்கவைத்தோ வடிகட்டியோதான் குடிக்க வேண்டும். காரில் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் கணக்கில் வீட்டிலிருந்தே ஏற்றிக்கொள்வது எளிது.

யெல்லோஸ்டோனைச் சுற்றியுள்ள ஷோஷோனி, கஸ்டர் கல்லட்டின், பிரிட்ஜர்-டீட்டன் காடுகளில் கிரிஸ்லி கரடிகள் வாழ்கின்றன. உணவைப் பூட்டிவைப்பது அங்கே சட்டப்படி கட்டாயம். புளியோதரையும் ஊறுகாயும் நமக்கே தூரத்திலிருந்து மணக்கும்; கரடியின் மூக்கைச் சொல்ல வேண்டியதில்லை. பற்பசை, சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் உட்பட வாசனையுள்ள எதுவும் டென்டுக்குள் இருக்கக் கூடாது. மனிதர் உணவைச் சுவைத்துப் பழகிய கரடியைப் பல நேரம் கொன்றுவிடுகிறார்கள். நம் அலட்சியத்துக்கு அது உயிரைக் கொடுக்கிறது.

போனில் சிக்னல் இருக்காது. எந்தச் சாலை எண்ணில் தங்கப்போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். இருட்டில் காட்டுச் சாலையில் இடம் தேடுவது சின்னக் காருக்கு ஆகாத வேலை.

பெரிய கூட்டமாகப் போனால்

நண்பர்கள் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து போக எந்த அனுமதியும் வேண்டாம். தமிழ்ச் சங்கமோ நடைப்பயணக் குழுவோ சேர்ந்து 75 பேர் அல்லது அதற்கு மேல் கூடினால் வணிக நோக்கமற்ற குழுப் பயன்பாட்டு அனுமதி பெற வேண்டும். கட்டணம் கிடையாது. நிகழ்ச்சிக்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பு ரேஞ்சர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர்கள் மறுக்காவிட்டால் அனுமதி தரப்பட்டதாகவே கணக்கு. குழந்தைகளையும் சேர்த்து எண்ணுங்கள். ஆளுக்குப் பணம் வசூலித்து லாபத்துக்கு நடத்தும் பயணம் என்றால் இது செல்லாது, அதற்கு வேறு வகை அனுமதி வாங்க வேண்டும்.