குருக்கத்தி

மாதவி என்றதும் நமக்குச் சிலப்பதிகாரத்து ஆடல்மகள்தான் முதலில் நினைவுக்கு வருவாள். அவள் பெயருக்குரிய கொடியைப் பார்த்தவர்கள் குறைவு. மாதவி வடசொல். இளவேனிலில் பூப்பதால் வந்த பெயர். வாசந்தி என்ற இன்னொரு பெயரும் அந்தக் காரணத்தால் அமைந்ததே.

இதற்குரிய தமிழ்ச்சொல் குருக்கத்தி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களுள் ‘பைங்குருக்கத்தி’யும் உண்டு. குருகு என்றும் இதைச் சொல்வார்கள். ஆனால் குருகு நீர்ப்பறவைக்கும் பெயர்; பாட்டில் அது பறக்கிறதா, பூக்கிறதா என்று இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். பூதத்தாழ்வார் கடல்மல்லையில், அதாவது மாமல்லபுரத்தில், குருக்கத்தி மலரில் அவதரித்தார் என்பது வைணவ மரபு.

கொடி என்றவுடன் பெண்ணின் இடைக்கு உவமையாகும் மெல்லிய தண்டை எண்ணிவிடக் கூடாது. குருக்கத்தி முற்றினால் கட்டையாகிவிடும். தாவரவியலார் ‘லயானா’ என்னும் இவ்வகைக்கு வன்கொடி என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏற மரம் கிடைத்தால் 30 மீட்டர் உயரம்கூடப் போகும். கிடைக்காவிட்டால் கிளைகள் கவிழ்ந்த பெரும்புதராக நின்றுவிடும்.

இலைகள் எதிரெதிராக அமைந்தவை, நீண்டு கூர்நுனி கொண்டவை. தளிர் செம்மை படர்ந்திருக்கும். பூ நல்ல மணமுள்ளது, கொத்துக் கொத்தாக வருவது. வெண்மையில் இளஞ்சிவப்பு ஓடிய ஐந்து இதழ்களின் ஓரம் சரிகைத் துணியின் விளிம்புபோல் பிசிறியிருக்கும். ஓர் இதழில் மட்டும் மஞ்சள் திட்டு. பத்து மகரந்தத்தாள்களில் ஒன்று மற்றவற்றைவிட நீளம். சூல்தண்டு சில பூக்களில் வலப்பக்கமும் சிலவற்றில் இடப்பக்கமும் சாய்ந்திருப்பதால், ஒரே கொடியில் கண்ணாடிப் பிம்பங்கள்போல் இருவகைப் பூக்களைக் காணலாம்.

காய்க்கு மூன்று சிறகுகள், நடுச்சிறகு நீண்டது. காய்ந்து உதிரும்போது சுழன்றுகொண்டே காற்றில் விலகிப்போய் விழும். 1790இல் தாவரவியலார் கேர்ட்னர் இதன் பேரினத்துக்கு வைத்த ‘ஹிப்டேஜ்’ என்ற பெயர், பறத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

கிழக்கு, மேற்கு மலைத்தொடர்களின் காடுகளிலும் ஓடைக்கரைகளிலும் இது இயல்பாக வளர்கிறது. இலங்கையும் தென்கிழக்காசியாவும் இதற்குத் தாயகமே. அழகுக்காக மொரிஷியஸ், ரீயூனியன் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே உள்ளூர் மரங்களின் மேல் ஏறி மூடி அவற்றை நெரிக்கிறது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

வங்கத்தில் இரங்கூன் மல்லியையும் மாதவி என்கிறார்கள். அது வெள்ளையாக மலர்ந்து சிவப்பாக மாறும், நீண்ட குழல்கொண்ட பூ; குடும்பமே வேறு.