உழவர் சந்தை அட்டை: அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கும் உண்டு

எங்கள் பக்கத்துத் தெரு அக்காவுக்கு மொத்தம் 40 சென்ட் நிலம். சிறுகீரை, அரைக்கீரை, வரப்போரம் கொஞ்சம் கொத்தவரை. சாயங்காலமே கீரையைப் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணை அலசி, வாழைநாரில் கட்டி, ஈரச்சாக்குப் போட்டு மூடி வைத்துவிடுவார். விடிவதற்குள் உழவர் சந்தையில் இருப்பார். ஒன்பதரை மணிக்கெல்லாம் சாக்கை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்பிவிடுவார். நடுவில் புரோக்கர் இல்லை, கமிஷன் இல்லை, கடை வாடகையும் இல்லை.

அவரை உள்ளே விடுவது ஒரு சிறிய அட்டை. காய்கறி, கீரை விளைவிக்கும் எல்லா விவசாயிக்கும் அது உரிமையான ஒன்று என்பது இன்னும் நிறைய பேருக்குத் தெரியவில்லை. “நமக்கெல்லாம் எங்கே தரப்போகிறார்கள், அது பெரிய விவசாயிக்கு” என்று சொல்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். உண்மை நேர் எதிர். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் விவசாயி ஒருவர் கையில் உள்ள நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்தத் திட்டமே இவர்களை மனதில் வைத்து வந்ததுதான்.

முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அப்போது முதலமைச்சர் மு. கருணாநிதி. பஞ்சாபில் 1987 முதல் இதே மாதிரி ‘அப்னி மண்டி’ இருந்தது. ஆந்திராவில் அதே 1999 ஜனவரியில் ‘ரைது பஜார்’ தொடங்கியது. இன்று சேலம் சூரமங்கலம், ஈரோடு சம்பத் நகர், கோவை ஆர்.எஸ்.புரம், திருச்சி தென்னூர் என்று ஊருக்கு ஊர் இந்தச் சந்தை இருக்கிறது. வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை நடத்துகிறது.

விலை விஷயத்தைப் புரிந்துகொள்வது முக்கியம். விவசாயி இஷ்டத்துக்கு விலை சொல்ல முடியாது. வாங்குபவரும் அடித்துப் பேச முடியாது. மொத்த மார்க்கெட் நிலவரத்தை விசாரித்து, விவசாயிகளையும் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் விலையை முடிவு செய்து பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட, வெளிக்கடைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பது கணக்கு. மண்டிக்குப் போனால் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கழிவு என்று கழிந்து போகும் காசு இங்கே அப்படியே கைக்கு வருகிறது. 40 சென்ட் கீரைக்கு அந்தக் காசுதான் லாபம்.

சரி, அட்டை வாங்குவது எப்படி? பக்கத்து உழவர் சந்தை அலுவலகத்துக்கே நேராகப் போங்கள். சிட்டா (நிலம் யாருடையது என்று காட்டும் பதிவு), அடங்கல் (அதில் என்ன பயிர் என்று காட்டும் பதிவு), ஆதார், புகைப்படம் கையில் இருக்கட்டும். நிலம் உங்களுடையது, அதில் இன்ன பயிர் நிற்கிறது என்பதைச் சரிபார்க்க வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலர் தோட்டத்துக்கே வருவார். அதற்குப் பிறகுதான் அட்டை. வீட்டில் வேறு யாராவது மாற்றி மாற்றி விற்க வருவதாக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கள் நமக்கு இல்லை என்று ஒதுங்க வேண்டாம். சாகுபடி செய்வது நீங்கள்தான் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

உள்ளே கடைக்கும் தராசுக்கும் வாடகை கிடையாது. விற்று முடித்ததும் தராசைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சந்தைக்குக் கொண்டுவரும் காய்கறிக்கு அரசுப் பேருந்தில் சுமைக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது ஆரம்பத்திலேயே கொடுத்த சலுகை. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. கீரைக்கட்டோடு வருகிற அக்காவுக்குப் போக்குவரத்துச் செலவு என்றே ஒன்று இல்லாமல் போனது இதனால்தான்.

விற்கிறவருக்குக் காசு, வாங்குகிறவருக்கு மலிவு என்பதோடு இது முடிந்துவிடவில்லை. 2020 மே மாதம் கொரோனா பரவி கோயம்பேடு மொத்த மார்க்கெட்டை மூடியபோது சென்னை என்ன பாடு பட்டது என்று நினைத்துப் பாருங்கள். ஒரே வாசல் வழியாகச் சாப்பாடு வரும் ஊருக்கு, அந்த வாசல் அடைபட்டால் கஷ்டம்தான். அந்த நாட்களில் பல ஊர்களில் உழவர் சந்தையைப் பேருந்து நிலையத்துக்கும் மைதானத்துக்கும் மாற்றி, இடைவெளி விட்டு உட்காரவைத்து நடத்தினார்கள். பத்து கிலோமீட்டருக்குள் விளைந்த காய், விளைவித்தவர் கையாலேயே வந்து சேர்ந்தது. ஊரைச் சுற்றி இப்படி அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமாகப் பயிர் நிற்க வேண்டும் என்றால், அதைப் பயிரிடுகிறவருக்குத் தினமும் கையில் காசு வர வேண்டும். இல்லையென்றால் அந்த நிலம் பிளாட்டாகிவிடும். எங்கள் ஊர்ப் பக்கம் கிணறோடு சேர்த்துக் கல் நட்டுவிட்ட தோட்டங்கள் எத்தனையோ.

வாங்க வருகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. விலைப்பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பலகை விலைக்கு மேல் யாராவது கேட்டாலோ, எடை குறைவாகத் தெரிந்தாலோ சந்தை அலுவலகத்தில் சொல்லுங்கள். மொத்தமாக வாங்கி வந்து விவசாயி மாதிரி உட்காரும் வியாபாரிகள் சில இடங்களில் நுழைந்துவிடுகிறார்கள். அவர்கள் பிடிக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு அட்டைக்காரருடையது.

அதைத் தடுக்கத்தான் அட்டையில் எழுதிய பயிரையும் கொண்டுவரும் காயையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இதில் நம் ஆட்களே மாட்டிக்கொள்வதும் உண்டு. எங்கள் பெரியப்பா கத்தரி என்று பதிந்து அட்டை வாங்கியிருந்தார். அப்புறம் பந்தல் போட்டுப் பாகற்காய்க்கு மாறினார். அதைப் போய்ச் சொல்லவில்லை. இரண்டு மூட்டைப் பாகற்காயோடு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தோட்டத்தில் பறித்த காய்தான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டது, காய் பழுக்கத் தொடங்கிவிடும் என்று ரோட்டோரத்தில் கொட்டிக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போதெல்லாம் விதை ஊன்றிய வாரமே அலுவலகத்துக்குப் போய், என்ன பயிர், எத்தனை சென்ட், எப்போது காய்ப்புக்கு வரும் என்று எழுதிவைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கிறார்.