‘ரீவ்’ என்றால் யார்?

இங்கிலாந்தின் கேன்டர்பரிக்குக் கிளம்பிய யாத்திரிகர் கூட்டத்தில் எல்லாருக்கும் கடைசியில் ஒரு மெலிந்த மனிதர் குதிரையில் வருகிறார். ஒட்ட மழித்த முகம், குச்சிக் கால்கள், இடுப்பில் துருவேறிய வாள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் எழுதிய ‘கேன்டர்பரி கதைகள்’ இவரை ‘ரீவ்’ என்கிறது.

பழைய ஆங்கிலத்தில் ‘யெரேவா’ என்று ஒலித்த சொல் தேய்ந்துதான் ‘ரீவ்’ ஆயிற்று. ஆள்பவர் சார்பில் ஓரிடத்தைக் கவனிக்கும் அதிகாரி என்பது அதன் பொருள். மாவட்டத்தைக் குறிக்கும் ‘ஷீர்’ அதன் முன்னே சேர்ந்து ‘ஷெரீஃப்’ பிறந்தது. சென்னை நகரத்துக்கும் ஒரு காலத்தில் ஷெரீஃப் இருந்தாரே, அதே சொல்தான்.

சாசர் காலத்து ரீவ் ஒரு பிரபுவின் பண்ணையைப் பார்த்துக்கொண்டவர். பெரும்பாலும் அவரும் அந்த மண்ணோடு கட்டுண்ட குடியானவரே. பல ஊர்களில் குடியானவர்களே தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். விதை, விளைச்சல், ஆடுமாடு, ஆள்வேலை எல்லாவற்றுக்கும் அவர் பொறுப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இந்த வேலையைப் பார்த்தார்கள். கணக்குக்காக ஒரு குச்சியில் வெட்டுகள் போட்டு, நெடுக்காகப் பிளந்து, கொடுத்தவரும் வாங்கியவரும் ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். கணக்குப் பார்க்கும்போது இரண்டு பாதிகளும் பொருந்த வேண்டும்.

சாசரின் ரீவ் இதில் பலே கெட்டிக்காரர். மழையையும் வறட்சியையும் பார்த்தே மகசூலைச் சொல்லிவிடுவார். எந்தத் தணிக்கையாளராலும் அவரிடம் குறை காண முடியாது. பிரபுவின் பொருளையே பிரபுவுக்குக் கடன் கொடுத்து, நன்றியோடு ஒரு மேலங்கியும் பரிசாகப் பெறுகிறார். கீழே உள்ளவர்களோ கொள்ளை நோய்க்கு அஞ்சுவதுபோல் அவருக்கு அஞ்சுகிறார்கள்.

தமிழில் இவரை எப்படி அழைப்பது? ‘கணக்கர்’ என்பது பொருந்தாது. ஏட்டில் எழுதியவர் வேறொருவர். ‘மேலாளர்’ என்றால் ஊரின் மண்வாசனை போய்விடுகிறது. ‘கங்காணி’ ஆட்களை மட்டும் மேய்ப்பவர். ஊரையும் கோயில் நிலத்தையும் மேற்பார்க்கும் வேலைக்கு நம்மிடம் ‘மணியம்’ என்ற சொல் இருக்கிறது. ‘பண்ணை மணியக்காரர்’ என்பதே என் தேர்வு. வெறும் ‘மணியக்காரர்’ என்றால் வரி வசூலித்த அரசு ஊழியர் நினைவுக்கு வருவார். ‘பண்ணை’ என்ற அடைமொழி அந்தக் குழப்பத்தை நீக்கிவிடும்.