49ஏ என்று ஒரு ஃபார்வர்டு

கணினிப் பாதுகாப்புத் தணிக்கை என் தொழில். தேர்தல் வந்துவிட்டால் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குத் தேர்தல் ஆணையமும் நான்தான்.

ஒருமுறை பெரியப்பா இப்படி அனுப்பினார்: பட்டியலில் பெயர் இல்லையா, ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவில் சேலஞ்ச் ஓட்டு கேளுங்கள். "நம்பரெல்லாம் போட்டிருக்கான்பா" என்றார். அந்த நம்பர்தான் ஆளை மயக்குகிறது.

அது 1961-ஆம் ஆண்டின் தேர்தல்களை நடத்தும் விதிகளில் வருவது. தமிழில் தேடினால் வேட்பு மனு சமயத்தில் பேப்பரில் அடிபடும் 'தேர்தல் நடத்தை விதிகள்'தான் முதலில் வந்து நிற்கும். அது வேறு, கட்சிகளுக்கான ஒழுங்கு நெறி. சரியான விதிகளில் 49ஏ சொல்வது இயந்திரத்தின் வடிவமைப்பை: கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று, வாக்குப்பதிவுக் கருவி ஒன்று. சேலஞ்ச் என்பது 49ஜே. பூத் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி, 'வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை' என்று ஆட்சேபிப்பது. வாக்காளர் கேட்டு வாங்குவதல்ல. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் எந்த அட்டையும் உதவாது. உங்கள் பெயரில் வேறொருவர் ஓட்டுப் போட்டிருந்தால்தான் 49பி (B அல்ல, P), அதாவது டெண்டர் ஓட்டு. சினிமா புண்ணியத்தில் இது பலருக்குத் தெரியும். ஆனால் அந்த ஓட்டு தாளில் விழும், தனி உறையில் போகும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது என்பது தெரியாது. 14 சதவீதம் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு என்று இத்தகைய ஃபார்வர்டுகள் சொல்லும் விதியும் கிடையாது.

விதிகளைப் படிக்கப் பொறுமை இல்லையா? வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்காக ஆணையம் வெளியிடும் கையேடு போதும். அட்டையில் ஆண்டைப் பாருங்கள், அவ்வப்போது திருத்துகிறார்கள்.

தேர்தலுக்கு அந்தக் கையேடு என்றால், சைபர் சொற்களுக்கு நான் திறப்பது என்ஐஎஸ்டி (தரநிலைகளை வகுக்கும் அமெரிக்க அரசு நிறுவனம்) சொற்பட்டியல். ஒரே சொல்லுக்குப் பல விளக்கங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்ற எண் இருக்கும். அதற்காகவே நம்புகிறேன். நம் பேப்பர்களில் பாதுகாப்புக் குறை, அச்சுறுத்தல், ஊடுருவல் எல்லாமே 'ஹேக்' ஆகிவிடுகிறது. எண்ணிக்கை நாளில் முடிவு காட்டும் தளம் திணறினால் போச்சு, 'ஓட்டையே ஹேக் பண்ணிட்டான்.' கடை வாசலில் கூட்டம் வழியை அடைப்பது வேறு, கல்லாவை உடைப்பது வேறு. அந்தத் தளம் ஓர் அறிவிப்புப் பலகை. ஓட்டு இருப்பது கட்டுப்பாட்டுக் கருவியில். பூத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று சரிபார்க்க 17சி படிவம் இருக்கிறது, அதன் நகல் உங்கள் தெரு பூத் ஏஜென்ட்டிடமே கிடைக்கும்.